விரலி

முதல் நாள் அவிநாசியப்பன் ஒரு விரலி மஞ்சளை எடுத்து
என் காதுக்குப் பக்கத்தில் ஒடித்தார்.
நான் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டேன்.
பாட்னாவில், இரண்டாம் பாதியில்,
மோதிர விரல் போனபோது கேட்ட அதே சத்தம்.
“என்னப்பா, பயந்துட்டயா?
சத்தம் வந்தாத்தான் காஞ்ச சரக்கு.
வளைஞ்சு குடுத்துதுன்னா உள்ள தண்ணி நிக்குது,
எழுநூறு கொறச்சு எழுது.”

வளைந்தே நின்றுவிட்டவை
என் இடக்கையில் மட்டும் மூன்று.

ஒன்பது சீசன். இடது மூலை.
பாடி வருகிறவனின் முகத்தை நான் பார்த்ததில்லை.
ஷூ முடிச்சைப் பார்ப்பேன்.
திரும்பப் போகிறவன் அரை விநாடி முன்னதாகவே
எந்தக் காலுக்குக் கனத்தை மாற்றுகிறான் என்று பார்ப்பேன்.
அப்புறம் விழுவேன்.
விழுவதற்குத்தான் சம்பளம்.

என்னை எடுத்ததும் ஏலத்தில்தான்.
குளிரூட்டிய மண்டபம், கோட்டுப் போட்டவர்கள், சுத்தியல்.
சரக்கை அங்கே கூப்பிடுவதில்லை.
பெருந்துறையில், மாமனார் வீட்டு டிவி முன்னால்,
வாழைக்காய் பஜ்ஜியோடு என் விலையைப் பார்த்தேன்.
பதினொரு லட்சம். தெருவில் சரவெடி.
கடைசி வருஷமும் என் பேர் வந்தது.
படம் வந்தது, முட்டி நன்றாயிருந்த காலத்துப் படம்.
யாரும் பலகையைத் தூக்கவில்லை.
மாமனார் சேனலை மாற்றினார்.
அதில் ஒருவன் சிமெண்டு விற்றுக்கொண்டிருந்தான்.

நடுவில் எட்டு மாதம் ஒரு ஜிம்.
அதைப் பற்றிச் சுகந்தியிடம் கேளுங்கள்,
வட்டி அவளுக்குத்தான் மனப்பாடம்.

இப்போது ஈரோட்டில், மண்டியில்,
காலை பத்து மணிக்குக் குவியல் குவியலாய் நடக்கிறேன்.
ஒடிக்கிறேன். உள்நிறம் பார்க்கிறேன். மோந்து பார்க்கிறேன்.
சீட்டில் விலை எழுதிப் பெட்டியில் போடுகிறேன்.
கோணல் சுண்டுவிரல் சாக்கின் வாய்க்குள்
குத்தூசி மாதிரி போகிறது;
அடியில் கிடக்கும் கிழங்கையும் கொண்டுவந்துவிடும்.
“இந்தக் கைக்குத் தனிச் சம்பளம் கேட்டுறாத”
என்கிறார் அவிநாசியப்பன்.
கேட்டிருக்கிறேன். யோசிக்கிறாராம்.

போன புதன்கிழமை
சிவகிரி ராக்கியண்ணனுக்கு இருபத்திரண்டு மூட்டை.
பதினோராயிரத்துத் தொள்ளாயிரம் எழுதியிருந்தேன்,
அன்றைக்கு அதுதான் மேல் விலை.
அவர் சீட்டைத் தூரத்தில் பிடித்து வாசித்தார்.
பேனாவை வாங்கி, ஒரே கோடு.
“கட்டலீங்க. கெடங்குலயே கெடக்கட்டும்.
சித்திரையில வாரேன், இல்லாட்டி அடுத்த வருசம்.”
சாக்கு வாயை அவரே தைத்தார், அவசரமே இல்லாமல்.

ஒரு மூட்டையைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்
என்றால் வீட்டில் சிரிப்பார்கள்.
சொல்லவில்லை.
அதற்கு வேண்டாமென்று சொல்ல ஒரு ஆள் இருந்தது,
காத்திருக்க ஒரு கிடங்கு இருந்தது.
முட்டி கிடங்கில் கிடந்தால்
ஒரு வருஷத்தில் என்ன விலைக்குப் போகும்?

கிளம்பும்போது திரும்பிப் பார்த்தார்.
“ஏனுங், நீங்க டிவியில வந்தவருதான?
அந்தக் கடைசி ஆட்டத்துல காலை உட்டுப்போட்டீங்க.”
ஆமாங்க, உட்டுட்டேன்.
“புடி நல்லாத்தான் இருந்துதுங்.
அவனுக்கு வேர்வை. ஈரச் சரக்கு, வழுக்கிட்டான்.”

நான்கு வருஷமாய் எந்த நிபுணரும்
இதைச் சொல்லவில்லை.

சாயங்காலம் ஆறு முறை சோப்புப் போட்டும்
நகக்கண்ணில் மஞ்சள் போவதில்லை.
சோற்றில், செல்போன் திரையில், மகள் கன்னத்தில் என் ரேகை.
மண்டித் தரையில் குவியலுக்குக் குவியல்
சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறார்கள்.
எல்லாரும் மிதித்துக்கொண்டுதான் போகிறார்கள்.
நான் மட்டும், ஏனென்று தெரியவில்லை,
வலிக்கிற காலைத் தூக்கி
தாண்டித்தான் வைக்கிறேன்.